டியூட்டில் இருந்த பிழையும் நாங்கள் எழுதத் தொடங்கிய வழிகாட்டியும்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் பிள்ளை படிக்கிற உம்மா வாப்பாமாரும், ஐ.சி.ரி. படித்துவிட்டு கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்கிற தம்பி தங்கைமாரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சென்ற தவணையில் ஒரு நாள், கணினி அறையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் செய்முறைப் பாடம். எல்லோரும் தட்டிக்கொண்டிருக்க ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன மகள், இன்னும் தொடங்கல்லயா?"

"டியூட்ல இருக்கிற மாதிரியேதான் அடிச்சேன் சேர். பிழை எண்டு காட்டுது. எனக்குத்தான் விளங்கல்ல போல."

டியூட்டை வாங்கிப் பார்த்தோம். போட்டோக் கொப்பியின் போட்டோக் கொப்பி. பல கைகள் மாறி வந்தது. முதல் உதாரணத்திலேயே பிரின்ட் கட்டளை அடைப்புக்குறி இல்லாமல் இருந்தது. அது பைதன் 2இன் எழுத்து முறை. கணினியில் இருந்ததோ பைதன் 3. அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது என்று கணினி ஆங்கிலத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தது. சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் அந்தப் பிள்ளை அதை வாசிக்கவில்லை. அச்சில் வந்தது பிழையாக இருக்காது, தான்தான் பிழை என்று முடிவெடுத்துவிட்டாள். இரண்டு பாடவேளை போய்விட்டது.

பைதன் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஓ.எல். வகுப்புக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோன ஒன்றை நாங்கள் அவளுடைய கையில் கொடுத்திருக்கிறோம்.

பிரின்ட் பிரச்சினை சின்னது. கணினியே காட்டிக்கொடுத்துவிடும். அதே டியூட்டின் பின்பக்கத்தில் இருந்ததுதான் எங்களைப் பயமுறுத்தியது. 7/2 என்பதற்கு விடை 3 என்று போட்டிருந்தது. பைதன் 2இல் அது சரி. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டிவிடும். பைதன் 3இல் விடை 3.5. முழு எண் பகுதி மட்டும் வேண்டுமென்றால் சாய்கோட்டை இரண்டு தரம் போட வேண்டும். இந்தப் பிழையைக் கணினி சொல்லித் தராது, சிவப்பு எழுத்து வராது. பிள்ளை மனப்பாடமாக்கிக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குப் போய், நிரலின் வெளியீட்டைத் தருக என்ற வினாவுக்கு நிம்மதியாகப் பிழையான விடையை எழுதிவிட்டு வருவாள். புள்ளி குறைந்தால், பிள்ளைக்கு மூளை போதாது என்று நாங்களே சொல்லுவோம்.

அந்த டியூட்டை யார் தட்டச்சு செய்தது என்று தேடினோம். பெயர் இல்லை. திகதி இல்லை. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்ற ஒரு வரி இல்லை. கேட்ட ஆசிரியர்கள் எல்லோரும் இன்னொருவரைக் காட்டினார்கள். வட்ஸ்அப்பில் அதனுடைய பீடிஎப் கிடைத்தது. திருத்தலாம் என்று கொப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் கமாவும் கேள்விக்குறியுமாக வந்து விழுந்தது. பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் அடித்ததைக் கூகுளில் தமிழில் தேடினால் எந்தக் காலத்திலும் அகப்படாது. கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம்.

அதை எழுதியவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் எழுதிய நாளில் அது சரியாக இருந்திருக்கும். தமிழில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதியவர் அவர். குறை அந்த மனிதரில் இல்லை, எழுதியதை நாங்கள் வெளியிடுகிற முறையில் இருக்கிறது. ஒரு தரம் அச்சடித்துக் கையை விட்டுப் போனால் பிறகு யாராலும் திருத்த முடியாத ஒரு பொருளாக அறிவை மாற்றி வைத்திருக்கிறோம்.

இதே பிரச்சினை பைதனை எழுதுகிறவர்களுக்கும் உண்டு. அவர்களுக்கு இன்னும் பெரிது. மென்பொருள் வருடா வருடம் மாறுகிறது, வாசிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு ஒரு கதவு திறந்தது.

அவர்கள் வழிகாட்டியைத் தனியாக ஓரிடத்தில் வைப்பதில்லை. மென்பொருளின் மூலக் குறியீடு இருக்கிற அதே களஞ்சியத்தில் "டொக்" என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதற்குள்ளேதான் வழிகாட்டி முழுக்க இருக்கிறது. ஒருவர் மென்பொருளில் ஒன்றை மாற்றினால், வழிகாட்டியில் அதற்குரிய இடத்தையும் மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு வசதி எந்தப் பதிப்பில் வந்தது, எந்தப் பதிப்பில் மாறியது என்பதை அந்தப் பந்தியின் கீழேயே குறிக்கிறார்கள். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது வரி வரியாகப் பதிவில் நிற்கும். எங்களுடைய டியூட்டில் இல்லாத பெயர், திகதி, பதிப்பு மூன்றும் அங்கே தானாகவே இருக்கின்றன.

முன்பு அவர்களும் கஷ்டப்பட்டார்கள். பைதன் வழிகாட்டி நீண்ட காலம் லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டது. அது தெரிந்தவர்கள் குறைவு, ஆகவே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவும் ஆட்கள் யோசித்தார்கள். 2007இல் ஜேர்மனியைச் சேர்ந்த கெயோர்க் பிராண்டில் என்பவர் அதை முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக மாற்றினார். அந்தக் கோப்புகளை இணையப் பக்கங்களாக்க அவர் எழுதிய கருவிக்குப் பெயர் ஸ்பிங்க்ஸ். 2008இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். இன்று லினக்ஸ் கருவினுடைய வழிகாட்டியும் ஸ்பிங்க்ஸில்தான் கட்டப்படுகிறது.

வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறோம், பயப்பட வேண்டாம். வேர்ட் தேவையில்லை, நோட்பேட் போதும். தலைப்பை எழுதி அதற்குக் கீழே சமன் குறிகளால் ஒரு கோடு போட்டால் அது தலைப்பு. சொல்லுக்கு இரு பக்கமும் இரண்டு நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்து. முந்திய பந்தியின் முடிவில் இரட்டை முக்காற்புள்ளி (::) போட்டு, ஒரு வரி இடைவெளி விட்டு, நிரலைக் கொஞ்சம் உள்தள்ளி எழுதினால் நிரல் பெட்டி. இப்படிப் பத்துப் பதினைந்து கோப்புகளை எழுதி வைத்துவிட்டு ஒரேயொரு கட்டளை கொடுத்தால் பொருளடக்கம், சொல்லடைவு, தேடும் பெட்டி, முன் பக்கம் பின் பக்கம் போகும் இணைப்பு எல்லாவற்றோடும் ஒரு முழு இணையத்தளம் வந்து நிற்கும். ஓரிடத்தில் "இரண்டாம் பாடத்தைப் பார்க்க" என்று இணைப்புக் கொடுத்து அந்த இரண்டாம் பாடம் இல்லாவிட்டால் எச்சரிக்கும்.

எங்களை உட்கார்ந்து யோசிக்க வைத்த வசதி இன்னொன்று. பைதனில் டொக்டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. வழிகாட்டியில் எழுதியிருக்கிற உதாரணங்களை அது தானே ஓட்டிப் பார்க்கும். கீழே நாங்கள் எழுதியிருக்கிற விடை உண்மையாக வருகிற விடையோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கும். ஒத்துப் போகாவிட்டால் எந்தப் பக்கம், எந்த வரி என்று சொல்லும். அந்த டியூட் இப்படி எழுதப்பட்டிருந்தால், 7/2 விடை 3 என்ற வரியை மனிதக் கண் படுவதற்கு முன்பே கணினி பிடித்திருக்கும்.

எழுதியதை எங்கே வைப்பது? காசு வேண்டுமே என்று கேட்பீர்கள். 2010இல் ஒரு நிரலாக்கப் போட்டிக்காக 48 மணித்தியாலத்தில் மூன்று பேர் எழுதிய சேவை ரீட் த டொக்ஸ். திறந்த மூலத் திட்டங்களுக்கு இன்றும் இலவசம். கிட்ஹப்பில் உங்கள் கோப்பை மாற்றிச் சேமித்தால் போதும், அது தானே எடுத்துக் கட்டி வெளியிட்டுவிடும். பழைய பதிப்பையும் அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். பழைய பதிப்பு வைத்திருக்கிறவர் அதற்குரிய பக்கத்தை வாசிக்கலாம், புதியவர் புதியதை வாசிக்கலாம். இணையம் இல்லாத பாடசாலைக்கு முழுத் தளத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் திறக்கும். எங்கள் வலயத்தில் இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரிது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் இருந்தும் உலகம் முழுக்கத் திறந்த மூல மென்பொருட்களில் மிகப் பலவீனமான பகுதி வழிகாட்டிதான். 2017இல் கிட்ஹப் நடத்திய ஆய்வில் பங்குபற்றியவர்களில் 93 வீதமானோர் முழுமையற்ற அல்லது காலாவதியான வழிகாட்டியைப் பரவலான பிரச்சினை என்று சொன்னார்கள். அதே ஆய்வில், பங்களிப்புச் செய்கிறவர்களில் 60 வீதமானோர் தாங்கள் வழிகாட்டிக்குப் பங்களிப்பதே இல்லை அல்லது மிக அரிது என்றார்கள். எல்லோருக்கும் பசி, சமைக்க ஆளில்லை.

ஏன்? எங்களுடைய கருத்து இதுதான். மென்பொருளை எழுதுகிறவருக்கு அது நன்றாக விளங்கிவிட்டது. விளங்காத காலத்தை அவர் மறந்துவிட்டார். "பிறகு கோப்பைத் திறந்து இயக்குக" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது, இயக்குவது என்றால் எந்தப் பட்டன் என்று ஒரு பிள்ளை கேட்கும் என்று அவருக்குத் தோன்றாது. அது யாருக்குத் தோன்றும்? நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் பின் வரிசையின் முகத்தைப் பார்த்தே எந்த வரியில் தடக்கினார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆட்களுக்குத் தோன்றும். அது எங்களுடைய தொழில். கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த வேலையே அதுதானே.

டானியேலே புரோசிடா என்பவர் வழிகாட்டி எழுதுவதற்கு டயடாக்சிஸ் என்று ஒரு முறையை வகுத்திருக்கிறார். கற்பிக்கும் பாடம் வேறு, ஒரு வேலையைச் செய்யும் வழி வேறு, தேடிப் பார்க்கும் தகவல் வேறு, ஏன் எதற்கு என்ற விளக்கம் வேறு, இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் கலக்காதே என்கிறார். மென்பொருள் உலகத்தில் இதைப் பெரிய விடயமாகப் பேசுகிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பாடம், செய்முறைத் தாள், மடக்கை அட்டவணை, விளக்கவுரை ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் கலந்து எழுதினால் கலாசாலையில் விரிவுரையாளர் விட்டுவைப்பாரா? ஐந்து ஈ முறையில் பாடக்குறிப்பு எழுதி எழுதி விரல் தேய்ந்தவர்கள் நாங்கள். (அந்த ஐந்து ஈயும் எங்களைச் சுற்றிப் பறந்த காலத்தை நினைத்தால் இப்போதும் தலை சுற்றும், அது வேறு கதை.) ஆனால் அந்தப் பயிற்சிக்கு மென்பொருள் உலகத்தில் இப்படியொரு தேவை இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நிரல் எழுதத் தெரிந்தவன்தான் திறந்த மூலத்துக்குப் போகலாம், ஆசிரியர் வாசற்படியில் நின்று பார்க்கலாம் என்றுதான் நாங்களும் நம்பினோம்.

எங்கள் கரையோர ஊர்களுக்கு இதில் ஒரு பழைய பந்தமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. நாங்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். முகாம்களில் காணாமல் போனவர்களின் பெயர்களைக் கொப்பித் தாளில் கையால் எழுதி வைத்திருந்ததும், ஒரே பெயர் மூன்று முகாம்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததும் எங்கள் கண்ணில் நிற்கிறது. அந்த நாட்களில்தான் இலங்கையின் கணினித் துறை இளைஞர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து சஹானா என்ற மென்பொருளைச் சில கிழமைகளில் எழுதினார்கள். காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு எல்லாம் அதில் இருந்தன. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்துத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2005இல் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது அங்கே பயன்பட்டது. 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்குக் கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். பூகம்பம் நடந்த ஊரில் கூடாரத்துக்குள் இருந்து அதை நிறுவுகிறவருக்கு, எழுதியவரிடம் தொலைபேசியில் கேட்க நேரம் கிடைக்குமா? அவருக்கு முன்னால் இருப்பது மென்பொருளும், அதோடு எழுதி வைத்த வழிகாட்டியும்தான். அந்த வழிகாட்டி பழையதாக இருந்தால் ஒரு நாள் போகும். அந்த ஒரு நாள் என்ன விலை என்று எங்கள் ஊர்களுக்குத் தெரியும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும்.

கடந்த விடுமுறையில் ஐ.சி.ரி. படிப்பிக்கிற நாங்கள் நான்கு பேர், வேறு வேறு பாடசாலை, ஒரு வீட்டு மண்டபத்தில் இரண்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தோம். உயர்தரப் பாடத்திட்டத்தில் வருகிற அளவுக்குப் பைதனுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி, ஸ்பிங்க்ஸில் எழுதி, யாரும் பார்க்கக்கூடியதாக, யாரும் திருத்தக்கூடியதாக வெளியிடுவது. ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். இன்னும் முடியவில்லை.

முதல் நாள் சண்டை சொற்களில். மாறி என்பதில் பிரச்சினை இல்லை. மீள்செயல் என்பதா, சுற்று என்பதா, லூப் என்பதா என்று அரை நாள். ஒருவர் இணையத்தில் இந்தியத் தமிழ்ப் பக்கங்களைக் காட்டி அந்தச் சொல்தான் அழகு என்றார். அழகுதான். ஆனால் பிள்ளை பரீட்சைத் தாளில் காணப்போகிற சொல் எது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பாடநூலிலும் கடந்தகால வினாத்தாளிலும் இருக்கிற சொல்லை முதலில் வைப்பது, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் ஒரு தரம் சொல்வது, எங்களுக்குப் பிடித்த சொல்லை எங்களோடேயே வைத்துக்கொள்வது. சொற்பட்டியலையும் ஒரு பக்கமாகவே வெளியிட்டிருக்கிறோம். அதில் குறை கண்டால் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் ஒரு வேடிக்கை. தலைப்புக்குக் கீழே போடும் கோடு தலைப்பை விடக் கட்டையாக இருந்தால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கும். எங்கள் கோடுகள் கண்ணுக்கு நீளமாகத்தான் இருந்தன, எச்சரிக்கை நிற்கவில்லை. மாறி என்பது எங்களுக்கு இரண்டெழுத்து. கணினிக்கு நான்கு. மகரம், அதன் அரவு, றகரம், அதன் விசிறி என்று தனித்தனியாக எண்ணுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது. இப்போது கணக்குப் பார்ப்பதில்லை, கையை வைத்து நீளமாக ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். அச்சடிக்கும் பிரதி எடுக்கும்போதும் தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக வந்தன. வழக்கமான அச்சு இயந்திரத்தை ஸீலாடெக் என்பதற்கு மாற்றிய பிறகுதான் சீராகியது. இந்த இரண்டு விடயத்தையும் தமிழில் எங்கேயாவது யாராவது எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் மிச்சம். ஆகவே அதையும் எழுதி வைத்துவிட்டோம்.

இனி, நாங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் எங்கள் நலன் விரும்பிகள்தான்.

"ஆங்கிலத்திலேயே படிக்கட்டுமே. நீங்க தமிழ்ல எழுதிக் குடுத்துப் பிள்ளைகள இன்னும் பின்னுக்கு இழுக்கிறீங்க." படிக்கத்தான் வேண்டும், நாங்களும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கில வழிகாட்டியைத்தான் படித்தோம். ஆனால் 17 வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் மொழியையும் நிரலாக்கத்தையும் சுமக்கும்போது இரண்டில் ஒன்று விழுகிறது. பெரும்பாலும் விழுவது நிரலாக்கம். தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை அதே பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் இரண்டும் வரும். பைதன் சமூகமே 2017இல் தன்னுடைய வழிகாட்டியை வேறு மொழிகளில் வெளியிடுவதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. யப்பானியர், பிரெஞ்சுக்காரர், கொரியர் என்று ஆங்கிலம் தெரிந்த பொறியியலாளர்கள் நிறைந்த நாட்டவர்களே தங்கள் மொழியில் செய்கிறார்கள். அது அவர்களைப் பின்னுக்கு இழுத்ததாகத் தெரியவில்லை.

"இப்ப ஏஐ இருக்கே, ஒரு நிமிசத்தில மொழிபெயர்த்துத் தருமே?" தரும். நாங்களும் பயன்படுத்திப் பார்த்தோம், மறைக்கவில்லை. வாக்கியம் வருகிறது. ஆனால் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லுக்கு மூன்று விதமான தமிழ் வந்தது. எங்கள் பாடநூலின் சொல் அந்த மூன்றிலும் இல்லை. பிழையா சரியா என்று பார்க்க விடயம் தெரிந்த ஒரு ஆள் உட்கார வேண்டியிருந்தது. அந்த இயந்திரமும் மனிதர் எழுதி வைத்ததைப் படித்துத்தான் பேசுகிறது. தமிழில் நாங்கள் எழுதி வைக்காததை அது எங்கிருந்து எடுக்கும்?

மூன்றாவது கேள்வியை யாரும் நேரடியாகக் கேட்கவில்லை, வளைத்துக் கேட்டார்கள். இதையெல்லாம் இலவசமாகப் போட்டால் வகுப்பு நடத்துகிறவர்களின் பாடு என்னவாகும்? கவனமாகப் பதில் சொல்கிறோம், ஏனென்றால் எங்களில் ஒருவரும் பின்னேரம் வகுப்பு நடத்துகிறவர்தான். ஆசிரியச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். டியூட்டில் தன் பெயரைக் குறுக்காக அடித்துப் பூட்டி வைக்கிறவரின் பயமும் விளங்குகிறது. ஆனால் பிள்ளைகள் காசு கொடுப்பது தாளுக்கா, படிப்பிக்கிற மனிதருக்கா? நல்ல ஆசிரியரின் வகுப்புக்கு டியூட் வெளியே கிடைத்தாலும் பிள்ளை வரும். டியூட் மட்டும்தான் ஆசிரியரின் பலம் என்றால் அந்தப் பயம் நியாயமானது, அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. நாங்கள் எழுதியதை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம். யாரும் அச்சடிக்கலாம், வகுப்பில் கொடுக்கலாம், அச்சுச் செலவுக்குக் காசும் வாங்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதை அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். உரிமம் எழுதாமல் விட்டால் திருத்துவதற்கும் மற்றவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்பது எங்களுக்கே பிந்தித்தான் தெரியும்.

ஐ.சி.ரி. ஆசிரியர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்களோடு இருக்கிற ஒரு கணித மிஸ் லிப்ரே ஒபிஸ் கல்க்கில் வகுப்புப் புள்ளிப் பட்டியலைத் தயாரிப்பது பற்றி ஒரு பக்கம் எழுதித் தந்தார். நிரல் எழுதத் தெரியாதவர். இரண்டு பிள்ளைகள் ஒரே மொத்தம் எடுத்தால் ராங்க் சூத்திரம் இருவருக்கும் 2ஆம் இடம் கொடுத்துவிட்டு அடுத்தவரை 4ஆம் இடத்துக்குத் தள்ளும், இதை அறிக்கை கொடுக்கும் முன்பே பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள் என்று அதில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பை மென்பொருள் எழுதிய எந்தப் பொறியியலாளரும் எழுதியிருக்க மாட்டார். தவணை முடிவில் ஒரு உம்மா வந்து "எங்கட மகன் மூணாவதா நாலாவதா?" என்று கேட்டு நின்ற அனுபவம் அவருக்கு இல்லை.

எங்களுக்கு இப்போது தேவைப்படுவது கண்கள். வெளிநாட்டிலும் கொழும்பிலும் மென்பொருள் துறையில் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள் வெள்ளிக்கிழமை ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கி ஒரு பக்கத்தை வாசித்து, தொழில்நுட்பப் பிழை இருந்தால் காட்டித் தர வேண்டும். ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன விடயத்தை ஒரு பக்கம் எழுத வேண்டும். வட்ஸ்அப்பில் தமிழில் அடித்து அனுப்பினால் போதும், கட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒரேயொரு வேண்டுகோள், தயவுசெய்து பாமினி வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் வழிகாட்டியின் இணைப்பை அனுப்பினோம். நான்காம் நாள் இரவு செய்தி வந்தது. "சேர், மூணாம் பாடத்தில ரெண்டு இலக்கத்த வாங்கிக் கூட்டுற நிரல்ல பிழை இருக்கு. 5உம் 3உம் குடுத்தா 8 வரல்ல, 53 வருது."

பார்த்தோம். அவள் சொன்னது சரி. இன்புட் வாங்குகிற எதையும் பைதன் 3 எழுத்துச் சரமாகத்தான் எடுக்கும். முழு எண்ணாக மாற்றுகிற இன்ட் என்பதை நாங்கள் போட மறந்துவிட்டோம். பைதன் 2இல் பழகிய கை. பயனர் தட்டச்சு செய்ய வேண்டிய நிரல் என்பதால் அந்த உதாரணத்தை டொக்டெஸ்ட்டில் சேர்க்காமல் விட்டிருந்தோம், அதனால் கணினியும் பிடிக்கவில்லை. நான்கு ஆசிரியர்கள் சரிபார்த்த பக்கம்.

பத்து நிமிடத்தில் திருத்தி வெளியிட்டோம். பக்கத்தின் அடியில் அன்றைய திகதி விழுந்தது. திருத்தியதற்கான காரணத்தில் "மாணவி ஒருவர் சுட்டிக்காட்டியது" என்று எழுதியிருக்கிறோம். பெயரைப் போடலாமா என்று அவளுடைய வாப்பாவிடம் கேட்டிருக்கிறோம். கோப்புகளைக் கையாளும் ஏழாம் பாடம் இன்னும் எழுதவில்லை. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு இருக்கிறோம், வர விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.